எம்ஆர்ஐ படத்தை அளந்து புரோஸ்டேட் புற்றுநோயின் வீரியத்தைக் கணிப்பது: முழுமையான வழிகாட்டி

புரோஸ்டேட் எம்ஆர்ஐ படத்தில் ஒரு கட்டி தெரிகிறது. பல ஆண்டுகள் சும்மா கிடக்கும் ரகமா, எலும்புக்குப் பரவக்கூடிய ரகமா? படத்தை அளந்து இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் பயாப்ஸிக்கு மாற்று அல்ல. யாருக்கு பயாப்ஸி அவசரம், ஊசி எந்த இடத்தில் பாய வேண்டும், கண்காணிப்பில் இருப்பவரை எப்போது மறுபடி சோதிக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது துணை, அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மாடலில் (அளந்த எண்களைக் கொண்டு விடையைக் கணிக்கும் நிரலில்) இருந்து தொடங்குகிறார்கள். ஆனால் அவர்கள் சறுக்குவதெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்தான். அதனால் இங்கே மாடல் கடைசிப் பக்கமாகத்தான் வரும். படிகளின் வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள்

"வீரியத்தைக் கணிக்கிறேன்" என்பது இன்னும் கேள்வி ஆகவில்லை. எந்த எல்லைக்கு மேல் வீரியம் என்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நோயியல் அறிக்கையில் வீரியம் கிளீசன் மதிப்பாக, அதாவது நுண்ணோக்கியில் தெரியும் திசு வடிவங்களுக்குத் தரும் இரண்டு எண்களாக வரும். அதை ஐஎஸ்யூபி என்ற சர்வதேச நோயியல் சங்கத்தின் தரக் குழுக்களாக மாற்றிக்கொள்ளுங்கள். 3+3 என்றால் குழு 1, 3+4 என்றால் குழு 2, 4+3 என்றால் குழு 3, கூட்டுத்தொகை 8 என்றால் குழு 4, 9 அல்லது 10 என்றால் குழு 5. 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7தான், ஆனால் நோயின் போக்கு வேறு. வெறும் "7" என்று பதிந்து வைத்த அட்டவணை கையில் கிடைத்தால் மூல அறிக்கைகளுக்குத் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை.

பெரும்பாலான ஆய்வுகள் குழு 2ஐயும் அதற்கு மேற்பட்டதையும் சிகிச்சை தேவைப்படக்கூடிய நோயாக எடுக்கின்றன. சிலர் குழு 3ல் கோடு போடுகிறார்கள். எதை எடுத்தாலும் தரவைப் பார்ப்பதற்கு முன் எடுங்கள். பார்த்த பிறகு கோட்டை நகர்த்தினால், நல்ல எண் வரும் இடத்தில்தான் அது போய் நிற்கும்.

இன்னொன்று. புற்றா இல்லையா என்பது ஒரு கேள்வி; புற்று என்று தெரிந்தபின் எவ்வளவு வீரியம் என்பது வேறு கேள்வி. புற்றே இல்லாத பகுதிகளையும் தரவில் சேர்த்தால் எளிய கேள்வி கடினமான கேள்வியோடு கலந்துவிடும், மாடலின் எண்கள் உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படங்களில் நான்கு வேண்டும்: அச்சுக்குக் குறுக்கான டி2 படம், டிஃப்யூஷன் படத்தின் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டுவது) எல்லா பி-மதிப்புகளும் (அந்த நகர்வைப் படம் எவ்வளவு வலுவாக உணர்கிறது என்ற அமைப்பு), அவற்றிலிருந்து நீர் நகர்வை எண்ணாகக் கணக்கிட்ட ஏடிசி வரைபடம், டி1 படம். கடைசியானது ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்க. அதன் காரணம் நான்காம் படியில் வரும். சாயம் ஏற்றி எடுக்கும் படத்தை வீரியக் கணிப்புக்கு நான் சேர்ப்பதில்லை. அது மையத்துக்கு மையம் பெரிதும் மாறுகிறது, தரும் கூடுதல் தகவலோ குறைவு.

புரோஸ்டேட் எம்ஆர்ஐ எடுக்கவும் மதிப்பிடவும் உள்ள சர்வதேச வழிமுறையான பைராட்ஸின் 2.1 பதிப்பின் அளவுகோலை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். டி2 படத்தில் துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டர், டிஃப்யூஷனில் 4 மில்லிமீட்டருக்கு மிகாமல், உயர் பி-மதிப்பு குறைந்தது 1400. இதற்கு வெளியே இருப்பதைத் தனிப் பட்டியலில் ஒதுக்குங்கள்.

மருத்துவக் குறிப்புகளில் பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புரோஸ்டேட் புரதம்) அளவு, அதை எடுத்த தேதி, சுரப்பியின் கன அளவு, முன்பு நடந்த சிகிச்சை, எடுக்கும் மருந்துகள் ஆகியவை வேண்டும். ஃபினாஸ்டெரைடு போன்ற மருந்து சில மாதங்களில் பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாக்கும். அது தெரியாமல் போட்ட கணக்கு தவறும். கதிர்வீச்சோ ஹார்மோன் சிகிச்சையோ பெற்றவர்களைச் சேர்க்காதீர்கள், ஏனென்றால் அதன்பின் படமும் மாறும், திசுவின் தோற்றமும் மாறும்.

மென்பொருளுக்குப் பெரிய செலவில்லை. வரைய த்ரீடி ஸ்லைசர் அல்லது ஐடிகே-ஸ்னாப், அளக்க பைரேடியோமிக்ஸ், மற்றதெல்லாம் பைத்தானில். பழகிப் பார்க்க ப்ராஸ்டேட்எக்ஸ் தொகுப்பும், 1500 எம்ஆர்ஐ பதிவுகளைத் திறந்து வைத்திருக்கும் பை-காய் தொகுப்பும் உள்ளன. ஒரு கதிரியக்க மருத்துவரும் ஒரு நோயியல் மருத்துவரும் கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த இருவர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

3. விடையைச் சரிபாருங்கள்

நோயியல் அறிக்கைதான் உங்கள் விடைத்தாள். அதுவே தவறாக இருந்தால் எந்த மாடலும் காப்பாற்றாது. இருந்தும் புதியவர்கள் அறிக்கையில் இருப்பதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டு அடுத்த படிக்கு ஓடுகிறார்கள்.

பயாப்ஸி ஊசி கட்டியின் ஒரு சிறு நூலைத்தான் எடுக்கிறது. கட்டியின் மிக மோசமான பகுதி அந்த நூலில் சிக்காமல் போகலாம். பயாப்ஸியில் 3+3 என்று வந்தது, சுரப்பியை முழுவதும் அகற்றிப் பார்க்கும்போது 3+4 ஆவது அன்றாடம் நடக்கிறது. அகற்றிய சுரப்பியின் முழு வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் அதையே விடையாக வையுங்கள். ஆனால் அதிலும் ஒரு சாய்வு உண்டு: அறுவைக்குப் போனவர்கள் மட்டும்தான் அந்தத் தொகுப்பில் இருப்பார்கள். மிக லேசான நோய் உள்ளவர்களும் ஏற்கெனவே பரவியவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். இதை எழுதி வைத்துக்கொண்டு மேலே போகலாம். மறந்துவிட்டுப் போகக் கூடாது.

பயாப்ஸி மட்டுமே இருந்தால், எம்ஆர்ஐ காட்டிய இடத்தைக் குறிவைத்து எடுத்ததா, பொதுவாகப் பன்னிரண்டு இடங்களில் குத்தியதா என்று பிரியுங்கள். "வலது, நடுப்பகுதி" என்று மட்டும் சொல்லும் அறிக்கையை படத்தில் தெரியும் கட்டியோடு இணைப்பது ஊகம். அதே பக்கத்தில் இரண்டு கட்டிகள் இருந்தால் அந்த ஊகத்துக்கும் ஆதாரமில்லை. அத்தகைய பதிவுகளை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறையுமே என்று மனம் வராது, தெரியும். ஆனாலும் விடுங்கள்.

முடிந்தால் கிளீசன் வடிவம் 4 எத்தனை சதவீதம் என்பதையும் பதியுங்கள். 3+4க்கும் 4+3க்கும் நடுவே நோயியல் மருத்துவர்களே கருத்து மாறுபடுவார்கள். 45 சதவீதமும் 55 சதவீதமும் வெவ்வேறு குழுவில் விழும். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடல் பின்னால் எங்கே தவறுகிறது என்று பார்க்கும்போது இந்த ஒரு எண் நிறைய சொல்லும்.

4. ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள்

நிரல் எழுதும் முன் எல்லாப் படங்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள். 200 பேர் என்றால் இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாள்தான் பின்னால் இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும்.

பார்க்க வேண்டியது முதலில் ரத்தக்கசிவு. பயாப்ஸிக்குப் பிறகு சுரப்பியில் தேங்கும் ரத்தம் டி2 படத்தில் கருமையாகவும் ஏடிசியில் தாழ்வாகவும் தெரிந்து புற்று போலவே நடிக்கும். டி1 படத்தில் அது வெண்மையாகத் தெரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பயாப்ஸிக்கும் எம்ஆர்ஐக்கும் இடையே குறைந்தது ஆறு வாரம் இருந்ததா என்று தேதிகளைப் பாருங்கள்.

அடுத்தது வாயு. மலக்குடலில் காற்று இருந்தால் டிஃப்யூஷன் படம் அதன் அருகே இழுபட்டுக் கோணும். புரோஸ்டேட்டின் வெளிப்புற மண்டலம் சரியாக அங்கேதான் இருக்கிறது. சுமார் 70 சதவீதப் புற்றுகள் தோன்றுவதும் அந்த மண்டலத்தில்தான். இடுப்பில் உலோக மூட்டு பொருத்தியவர்களின் படங்களிலும் இதே கோளாறு வரும்.

மூன்றாவது, ஏடிசியின் அலகு. இது கண்ணுக்கே தெரியாத பிழை, அதனால் கணக்கோடு சொல்கிறேன். பி-மதிப்பு 50ல் ஒரு வாக்ஸலின் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) சமிக்ஞை 600, 800ல் 300 என்று வையுங்கள். இரண்டின் விகிதம் 2. அதன் இயல் மடக்கை 0.693; அதை 750ஆல் வகுத்தால் 0.000924. இதுதான் ஏடிசி, சதுர மில்லிமீட்டர் ஒரு விநாடிக்கு. இதே எண்ணை ஒரு கருவி 924 என்று எழுதும், இன்னொன்று 0.924 என்று எழுதும். டைகாமிலிருந்து நிஃப்டி கோப்புக்கு மாற்றும்போது பெருக்கும் காரணி விட்டுப்போவதும் உண்டு. எல்லாவற்றையும் 924 வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சரிபார்க்க எளிய வழி: சிறுநீர்ப்பையில் ஒரு வட்டம் போட்டு சராசரி பாருங்கள். அது நீர்தானே, ஏறக்குறைய எல்லோரிடமும் 3000ஐ ஒட்டி வரும். யாரிடமாவது 3 அல்லது 0.003 என்று வந்தால் அலகு மாறியிருக்கிறது.

எந்த பி-மதிப்புகளைக் கொண்டு ஏடிசி கணக்கிடப்பட்டது என்றும் பாருங்கள். 1000க்கு மேற்பட்டவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதே திசுவின் ஏடிசி இறங்கிவிடும். மூலப் படங்கள் இருந்தால் எல்லோருக்கும் ஒரே பி-மதிப்புகளைக் கொண்டு நீங்களே கணக்கிடுவது நல்லது.

5. சோதனைத் தரவை இப்போதே பூட்டி வையுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதை மாடல் பகுதியில் வைக்கின்றன. அங்கே வைத்தால் தாமதம். படத்தைச் சீராக்குவது, அம்சம் (கட்டியிலிருந்து அளந்த ஒவ்வொரு எண்ணும்) தேர்வது எல்லாமே தரவிலிருந்து கற்கும் வேலைகள். அவற்றுக்கு முன்பே பிரிக்காவிட்டால் சோதனைத் தரவின் வாசனை பயிற்சிக்குள் வந்துவிடும்.

பிரிப்பது நோயாளி வாரியாக. ஒருவருக்கு மூன்று கட்டி இருந்தால் மூன்றும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழுந்தால் மாடல் கட்டியைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கும். வேறு மருத்துவமனையின் அல்லது வேறு கருவியின் தரவு இருந்தால் அதை முழுதாக சோதனைக்கே வையுங்கள்.

6. கட்டியை வரையுங்கள்

வரைபவருக்கு எந்த இடத்தில் புற்று உறுதியானது என்பது தெரியலாம். எந்தத் தரம் என்பது தெரியக் கூடாது. தரம் 5 என்று தெரிந்தால் கை தன்னையறியாமல் பெரிதாக வரையும்.

டி2விலும் ஏடிசியிலும் தனித்தனியாக வரையுங்கள். டி2வில் வரைந்த மாஸ்க்கை (கட்டியின் எல்லைக்குள் இருப்பதைக் குறிக்கும் கோப்பை) ஏடிசிக்கு அப்படியே நகலெடுப்பது மிகப் பரவலான பிழை. இரண்டுக்கும் நடுவே நோயாளி அசைந்திருப்பார், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், ஏடிசி கோணியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலே சிறு கட்டியின் மாஸ்க்கில் பாதி நல்ல திசு வந்துவிடும்.

குறைந்தபட்ச அளவு ஒன்றை நிர்ணயுங்கள். ஏடிசி வாக்ஸல் 2×2×3 மில்லிமீட்டர் என்றால், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டியில் மொத்தம் ஒன்பது வாக்ஸல்தான் இருக்கும். ஒன்பது புள்ளியில் இழையமைப்பை (வெளிச்சமும் கருமையும் கலந்திருக்கும் விதத்தை) அளப்பதில் பொருளில்லை. 10 மில்லிமீட்டரில் சுமார் 44 வாக்ஸல் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு சராசரி ஏடிசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முப்பது கட்டிகளையாவது இரண்டாவது ஒருவர், முதலாமவர் வரைந்ததைப் பார்க்காமல் வரையட்டும். எட்டாம் படிக்கு இது கட்டாயம் தேவைப்படும். ஒவ்வொரு கட்டியும் வெளிப்புற மண்டலத்திலா, இடைநிலை மண்டலத்திலா என்றும் பதிந்துவிடுங்கள்.

7. படத்தைச் சீராக்குங்கள், ஏடிசியைத் தொடாதீர்கள்

டி2 படத்தின் எண்களுக்கு அலகு இல்லை. ஒரே ஆளை இரண்டு கருவியில் எடுத்தால் இரண்டு விதமான எண் வரும். அதனால் முதலில் என்4 முறையில் ஒளிச்சாய்வை (படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதை) திருத்துங்கள். அப்புறம் ஒரு பொதுத் திசுவை வைத்து அளவை நிலைப்படுத்துங்கள். இடுப்பின் உட்பக்கத் தசை இதற்கு வசதி, எல்லாப் படத்திலும் தெரியும்.

ஏடிசி அப்படியல்ல. அதன் எண் இயற்பியல் அளவு. வெளிப்புற மண்டலத்தில் 750 முதல் 900க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் வலுக்கும் என்று பைராட்ஸ் கையேடே சொல்வது இதனால்தான். புற்று வீரியமாக ஆக, செல்கள் நெருங்கி நீர் நகர இடமில்லாமல் போய் ஏடிசி இறங்குகிறது. ஏடிசி படத்தையும் டி2 போலவே சராசரி பூஜ்ஜியம் ஆக்கிவிட்டால், உங்களிடம் இருந்த மிக மதிப்புள்ள தகவலை நீங்களே அழித்ததாகும். இதைச் செய்தவர்கள் நிறைய. நிரலில் எல்லாப் படத்துக்கும் ஒரே வரி ஓடுவதுதான் காரணம்.

வாக்ஸல் அளவை மாற்றும்போது படத்துக்கு வழுவழுப்பான இடைக்கணிப்பு, மாஸ்க்குக்கு அருகிலுள்ள மதிப்பை எடுக்கும் முறை. துண்டுகள் தடிமனாக இருப்பதால் இழையமைப்பை ஒவ்வொரு துண்டிலும் இரு பரிமாணத்தில் அளப்பதே என் வழக்கம். 3 மில்லிமீட்டர் இடைவெளியை அரை மில்லிமீட்டராக இடைக்கணித்தால் இல்லாத விவரம் பிறப்பதில்லை.

கடைசியாகப் பெட்டி அகலம், அதாவது இழையமைப்பை அளக்கும் முன் மதிப்புகளைக் குழுக்களாகப் பிரிக்கும் இடைவெளி. பைரேடியோமிக்ஸில் இயல்பாக 25 என்று இருக்கும். ஒரு கட்டிக்குள் ஏடிசி 400 முதல் 1600 வரை போனால் 48 பெட்டி வரும், நல்ல எண்ணிக்கை. ஆனால் அதே ஏடிசி 0.4 முதல் 1.6 என்று பதிவாகியிருந்தால் எல்லா வாக்ஸலும் ஒரே பெட்டியில் விழும். நிரல் பிழை எதுவும் சொல்லாது. இழையமைப்பு அம்சங்கள் பல எல்லோருக்கும் ஒரே எண்ணாக வரும். நான்காம் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் இங்கே வந்துதான் விழிப்பார்கள்.

8. முதலில் எளிய அளவுகள், அப்புறம் இழையமைப்பு

நான்கே எண்களை எடுத்து ஒரு சாதாரண லாஜிஸ்டிக் மாடல் போடுங்கள்: கட்டியின் சராசரி ஏடிசி, ஏடிசியின் பத்தாவது சதமானம், கட்டியின் கன அளவு, பிஎஸ்ஏ அடர்த்தி. பிஎஸ்ஏ அடர்த்தி என்பது பிஎஸ்ஏவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தது, 0.15ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள எல்லை. இந்த எளிய மாடல் தரும் எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இனி நீங்கள் செய்யும் எதுவும் இதைத் தாண்ட வேண்டும்.

2018ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரக் குழு ஒன்று, பெரிய அம்சத் தொகுப்பில் பயின்ற மாடலையும் வெறும் சராசரி ஏடிசியையும் ஒப்பிட்டது. மாடலுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நேர்மையான ஒப்பீடு இப்படித்தான் இருக்க வேண்டும்.

அதன்பின் அம்சங்களைப் பிரித்தெடுங்கள். மூலப் படத்தில் மட்டும் சுமார் 107 அம்சம் வரும். படத்தை நுண்ணிய, பரந்த விவரங்களாகப் பிரிக்கும் வேவ்லெட் வடிகட்டியும் சேர்த்தால் 851. மூன்று வகைப் படம் என்றால் 2500ஐத் தாண்டும். இத்தனையும் வேண்டாம், மூன்று சல்லடை போடுங்கள்.

முதல் சல்லடை நிலைத்தன்மை. இருவர் வரைந்த முப்பது கட்டிகளிலும் ஒரு அம்சம் ஒத்துப்போக வேண்டும். ஐசிசி (இருவரின் அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.75க்குக் கீழே உள்ளதைத் தள்ளுங்கள்; நான் 0.85 வைக்கிறேன். இரண்டாவது சல்லடை கன அளவு. பல இழையமைப்பு அம்சங்கள் வேறு பெயரில் வரும் கட்டியின் அளவுதான். கன அளவோடு 0.9க்கு மேல் ஒட்டிப்போவதை நீக்குங்கள், கன அளவு ஏற்கெனவே மாடலில் இருக்கிறது. மூன்றாவது, ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் ஜோடிகளில் ஒன்றை விடுவது. மூன்றும் பயிற்சித் தரவில் மட்டும்.

9. மாடலைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்

120 கட்டிகள், அதில் 40 வீரியமானவை என்றால், பத்து நிகழ்வுக்கு ஓர் அம்சம் என்ற பழைய கைவிதிப்படி நான்கு அம்சத்துக்குத்தான் இடம். லாசோ போன்ற சுருக்கும் முறையில் கொஞ்சம் தாராளம் கிடைக்கும், ஆனால் இருபது கிடைக்காது.

அம்சத் தேர்வும் அளவுரு தேடலும் குறுக்குச் சரிபார்ப்பின் (தரவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் முறைவைத்து ஒதுக்கிச் சோதிப்பது) உள்வளையத்தில் நடக்க வேண்டும். முழுத் தரவில் அம்சத்தைத் தேர்ந்துவிட்டுப் பிறகு குறுக்குச் சரிபார்ப்பு ஓட்டினால், வெறும் இரைச்சலில்கூட நல்ல எண் வரும். நம்பாவிட்டால் விடைகளைக் கலைத்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஏயூசி (வீரியமானதையும் அல்லாததையும் பிரிக்கும் திறன்; 0.5 வெறும் ஊகம், 1 முழுச் சரி) 0.5ஐ ஒட்டி வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது. செயற்கை மாதிரிகளைச் சேர்த்து எண்ணிக்கையைச் சமன்செய்வதும் பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதிக்குள் மட்டும்.

இரு மண்டலங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காதீர்கள். இடைநிலை மண்டலத்தில் சாதாரண வீக்கத்தின் நார்த்திசு முடிச்சுகளே ஏடிசியைத் தாழ்த்தும். அதனால்தான் பைராட்ஸ் அங்கே டி2வையும் வெளிப்புற மண்டலத்தில் டிஃப்யூஷனையும் முதன்மையாக வைக்கிறது. போதிய தரவு இருந்தால் இரண்டு மாடல்; இல்லாவிட்டால் மண்டலத்தை ஓர் அம்சமாகச் சேருங்கள்.

10. ஏயூசியோடு நிறுத்தாதீர்கள்

பூட்டி வைத்த சோதனைத் தரவை இப்போது ஒரே ஒரு முறை திறக்கிறீர்கள். எண் பிடிக்கவில்லை என்று திரும்பிப் போய் மாற்றிவிட்டு மறுபடி திறந்தால் அது சோதனைத் தரவு அல்ல, பயிற்சித் தரவின் இன்னொரு துண்டு.

ஏயூசியை நம்பக இடைவெளியோடு சொல்லுங்கள். சோதனையில் 40 பேர் இருந்தால் அந்த இடைவெளி அகலமாகத்தான் இருக்கும், மறைக்க வேண்டாம். பக்கத்திலேயே எட்டாம் படியின் எளிய மாடல் என்ன எடுத்தது, கதிரியக்க மருத்துவரின் பைராட்ஸ் மதிப்பு என்ன எடுத்தது என்றும் எழுதுங்கள். தரக் குழு ஐந்தையும் கணித்திருந்தால் இருபடி எடையிட்ட கப்பா என்ற ஒற்றுமை அளவு பொருத்தமானது. 1ஐ 5 என்பது 1ஐ 2 என்பதைவிடப் பெரிய தவறு என்று அதற்குத் தெரியும்.

அடுத்து அளவொப்பு. மாடல் "30 சதவீதம்" என்று சொன்ன நோயாளிகளில் உண்மையில் பத்துக்கு மூவருக்கு வீரியப் புற்று இருக்கிறதா? மருத்துவர் நோயாளியிடம் பேசப் போவது இந்த எண்ணைத்தான். ஏயூசி நன்றாக இருந்தும் இந்த எண் பொய்யாக இருக்கலாம். நோய் அதிகமுள்ள மையத்தில் பயின்ற மாடல், நோய் குறைந்த இடத்துக்குப் போனால் எல்லோரையும் மிகையாகப் பயமுறுத்தும். அங்குள்ள தரவைக் கொண்டு மாடல் சமன்பாட்டின் மாறிலியை (இன்டர்செப்ட்) மட்டும் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகும்.

பிறகு தவறவிட்ட வீரியக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் படத்தில் திறந்து, கதிரியக்க மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். சில சிறியவை, சில கோணிய ஏடிசி, சில நல்ல சுரப்பிகளுக்கு நடுவே சிதறி வளர்ந்து படத்தில் கூட்டமாகத் தெரியாதவை. வடிவம் 4 சதவீதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தால், எது மாடலின் தவறு, எது விடைத்தாளே தடுமாறிய இடம் என்று பிரியும். இந்தப் பட்டியலை அறிக்கையில் சேருங்கள். உங்கள் மாடலைப் பயன்படுத்தப் போகிறவருக்கு ஏயூசியைவிட இதுதான் அதிகம் உதவும்.

கருவியின் வகை, பி-மதிப்புகள், மென்பொருள் பதிப்பு, பெட்டி அகலம், வாக்ஸல் அளவு, நிலைப்படுத்திய முறை ஆகியவற்றை அமைப்புக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வேறொருவர் அதே படத்தைக் கொடுத்தால் அதே எண் வர வேண்டும். வருகிறதா என்று இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையை ஒப்படையுங்கள்.